தூத்துக்குடித் துறைமுகம்: ஆழமா, சாலையா, ஆலையா?

தூத்துக்குடிக்கு அடிக்கல் பஞ்சம் கிடையாது. 2024 பிப்ரவரி 28 அன்று 7,055 கோடி ரூபாய் மதிப்பிலான வெளித்துறைமுகத் திட்டத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஒன்பதாவது கப்பல் தளத்தில் புதிய சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. 2025 ஜூலையில் மூன்றாவது வடக்கு சரக்குத் தளம், ஆறு வழியாக அகலப்படுத்திய துறைமுகச் சாலை, விமான நிலையத்தின் புதிய முனையம். ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை. செப்டம்பரில் துறைமுக வளாகத்துக்குள் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலை. கூடவே கொச்சி கப்பல் கட்டும் தளமும் மசகான் டாக் நிறுவனமும் இங்கே கப்பல் கட்டுவதற்கு மாநில அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள்.

மேடையில் இதையெல்லாம் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். கணக்குப் புத்தகத்தில் அப்படி முடியாது. ஒரே கடற்கரை, ஒரே தாமிரபரணி, ஒரே மதுரைச் சாலை. தென் தமிழகத்தின் சரக்குப் போக்குவரத்து மையமாகத் தூத்துக்குடி எழ வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் பேச்சே இருக்கிறது. மூன்று வழிகள் முன்னால் நிற்கின்றன. வெளித்துறைமுகம் கட்டிக் கடலை ஆழப்படுத்தி, கண்டம் விட்டுக் கண்டம் போகும் பெரிய தாய்க் கப்பல்களை வரவழைத்துக் கொழும்பின் வேலையை இங்கே இழுப்பது ஒன்று. இருக்கும் துறைமுகத்தை வைத்துக்கொண்டு திருப்பூர், கரூர், கோவை வரை நீளும் பின்நிலத்தோடு, அதாவது துறைமுகத்துக்குச் சரக்கு தரும் உள்நாட்டுப் பகுதியோடு, சாலை, ரயில், கிடங்கு மூலம் இறுக்கிக் கட்டுவது இரண்டு. ஆலைகளையும் எரிசக்தித் திட்டங்களையும் துறைமுகத்தின் வாசலிலேயே வைத்து, அவற்றின் சரக்கில் வளர்வது மூன்று.

கைவசம் இருப்பதை முதலில் பார்ப்போம். 1974 ஜூலை 11 அன்று நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இது, கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளும் இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே செயற்கையாக உருவாக்கப்பட்ட துறைமுகம். இலங்கை மறைவில் இருப்பதால் ஆண்டு முழுவதும் கப்பல் வரும். மணல் சேர்வதும் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டன் சரக்கு கையாளப்படுகிறது, அதில் அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரி பெரும் பங்கு. 20 அடிப் பெட்டிக் கணக்கில் 7 லட்சத்துக்கு மேல் சரக்குப் பெட்டகங்கள் வந்து போகின்றன. அவற்றில் பெரும்பகுதி சிறிய ஃபீடர் கப்பலில் ஏறி, சுமார் 150 கடல் மைல் தள்ளியிருக்கும் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து தாய்க் கப்பலில் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறது.

இந்தக் கொழும்பு நிறுத்தம்தான் வெளித்துறைமுக ஆசையின் ஊற்று. இப்படி ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி அனுப்பும் இந்தியாவின் பரிமாற்றச் சரக்கில் 75 விழுக்காடு வெளிநாட்டுத் துறைமுகங்களில் கைமாறுகிறது என்பதும், அதனால் இந்தியத் துறைமுகங்கள் இழக்கும் வருவாய் ஆண்டுக்கு 20 முதல் 22 கோடி டாலர் என்பதும் மத்திய கப்பல் துறை அமைச்சகமே சொல்லும் கணக்கு. நம் பெட்டியை நாமே ஏற்றினால் என்ன என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. தன்மானமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. 1906-இல் வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி.யின் பெயரைத் தாங்கிய துறைமுகம் கொழும்புக்குச் சரக்கு பொறுக்கிக் கொடுக்கலாமா என்ற கோபம் ஊரில் உண்டு.

ஆனால் பெட்டியை எங்கே மாற்றுவது என்று தீர்மானிப்பவர் ஏற்றுமதியாளரும் இல்லை, அமைச்சரும் இல்லை. கப்பல் நிறுவனம். அதன் கணக்கு வறண்டது: முதன்மை வழித்தடத்திலிருந்து எவ்வளவு தூரம் விலக வேண்டும், எத்தனை மணி நேரத்தில் இறக்கி ஏற்றித் திரும்பலாம், அந்த ஒரு நிறுத்தத்தில் எத்தனை பெட்டி தேறும். சூயஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான தடம் இலங்கையின் தென்முனையை உரசிக்கொண்டு போகிறது. கொழும்பு அதன் பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடிக்கு வருகிற கப்பல் மன்னார் வளைகுடாவுக்குள் திரும்பி, வந்த வழியே வெளியேற வேண்டும். வடக்கே பாக் நீரிணை வழியாகப் பெரிய கப்பல் போக முடியாது. 2005 ஜூலை 2 அன்று தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் முடிந்திருந்தால் கதை கொஞ்சம் மாறியிருக்கும். அது நீதிமன்றத்திலும் அரசியலிலும் சிக்கிப் பாதியில் நின்றது. ஆகவே தூத்துக்குடி இன்றும் கடல்வழியில் ஒரு முட்டுச் சந்து.

போட்டியாளர்களோ சும்மா இல்லை. கொழும்பில் 2013-இலேயே 18 மீட்டர் ஆழத்தில் சீன நிறுவனத்தின் முனையம் வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் 20 மீட்டர் ஆழத்தில் மேற்கு முனையம் இயங்கத் தொடங்கியது, அதுவும் இந்தியாவின் அதானி குழுமத்தின் பங்கோடு. இந்தப் பக்கம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம். சர்வதேசக் கப்பல் தடத்திலிருந்து 10 கடல் மைல், இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம். 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கி ஓர் ஆண்டுக்குள் 10 லட்சம் பெட்டிகளைத் தாண்டியது. 24,000 பெட்டிக்கு மேல் சுமக்கும் எம்.எஸ்.சி. இரினா 2025 ஜூனில் அங்கே வந்து நின்றது. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனம் அதைத் தன் களமாக்கிக்கொண்டதுதான் அந்த வேகத்துக்குக் காரணம். கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் இன்னொரு பரிமாற்றத் துறைமுகத்துக்கு மத்திய அரசு பல்லாயிரம் கோடிக்குத் திட்டம் போட்டு வைத்திருக்கிறது. ஆக, தூத்துக்குடி எந்தப் பெட்டியைக் கேட்கிறதோ அதையே மூன்று பேர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு இந்திய அரசே துணை.

அடிக்கல் நாட்டுபவர்கள் வல்லார்பாடத்துக்கு ஒரு நடை போய் வரலாம். கொச்சியில் 2011-இல் திறக்கப்பட்ட அந்த முனையம் பரிமாற்றத்துக்கென்றே கட்டப்பட்டது. இந்தியக் கொடி ஏற்றாத கப்பல்களுக்கும் கடலோரச் சரக்கை எடுத்துச் செல்ல 2012-இல் அதற்கென விதி தளர்த்தப்பட்டது. 14.5 மீட்டர் ஆழத்தைத் தக்கவைக்கத் தூர்வாருவதற்கே ஆண்டுதோறும் நூறு கோடிக்கு மேல் செலவு. எதிர்பார்த்த பரிமாற்றச் சரக்கு வரவில்லை. இன்று அதை ஓட்டுவது கேரளத்தின், கொங்கு நாட்டின் சொந்த ஏற்றுமதி இறக்குமதிதான். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் இன்னும் கசப்பான பாடம். கப்பல் தடத்துக்கு மிக அருகில் 2010-இல் திறந்தார்கள். பின்னால் சரக்கு விளையும் நிலம் இல்லை. 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. பிற்பாடு அது பிழைத்துக்கொண்டது கார் ஏற்றி இறக்கும் தொழிலில்.

வெளித்துறைமுகத்துக்கு ஆதரவான வலுவான வாதம் வேறொன்று: பரிமாற்றத்தை விட்டுவிடுங்கள், நம் சொந்தச் சரக்கை நேரடியாக ஏற்றிச் செல்லப் பெரிய கப்பல் வேண்டாமா? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 7 லட்சம் என்றால் வாரத்துக்குச் சுமார் 13,500. அதில் பாதி ஏற்றுமதி என்று வைத்தால் 6,700. இதை அமெரிக்கா, ஐரோப்பா, வளைகுடா, கிழக்காசியா என்று நான்கு திசைக்குப் பிரித்தால், ஒரு வாரக் கப்பலுக்கு ஒரு திசையில் 1,700 பெட்டிகூடத் தேறாது. காலிப் பெட்டியைக் கழித்தால் இன்னும் குறையும். இந்த அளவுக்கு நின்று போகக்கூடியது 5,000, 8,000 பெட்டி வகைக் கப்பல். புதிய முனையத்தில் 14.2 மீட்டர் வரை நீருக்குள் அமிழும் கப்பல் நிற்கலாம், அதற்கு அது போதும். பெரிய கப்பலுக்குத் தடையாக இருப்பது கடலின் ஆழம் என்பதைவிடச் சரக்கின் அளவு என்பதே பொருத்தம். சரக்கு பெருகட்டும், ஆழம் அப்போது உண்மையாகவே முட்டும்.

சுற்றுச்சூழல் விலையையும் சேர்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. ஒன்று தூத்துக்குடித் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த விலங்குசல்லி. வான்தீவு கரைந்துகொண்டே வந்ததால், அதைக் காக்கக் கடலுக்குள் செயற்கைப் பவளப்பாறைகளை இறக்கினார்கள். இந்தப் பின்னணியில் அலைத் தடுப்புச் சுவரை இன்னும் வெளியே தள்ளுவது கோப்பில் தெரிவதைவிடப் பெரிய முடிவு. குமரி மாவட்ட மீனவர்கள் இனயம் துறைமுகத் திட்டத்தைத் துரத்தியடித்ததையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் வழிக்கு வருவோம். மாலை நாளிதழின் முதல் பக்கத்தில் இதற்கு இடம் கிடைக்காது. ஆனால் பெட்டி உண்மையில் தேங்குகிற இடங்கள் இங்கேதான் இருக்கின்றன.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளர் எப்படி அனுப்புகிறார் என்று பாருங்கள். தூத்துக்குடியில் காலிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் யார்டிலிருந்து ஒரு 40 அடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு டிரெய்லர் லாரி 300 கிலோமீட்டருக்கு மேல் வெறுமையாக ஓடுகிறது. தொழிற்சாலை வாசலில் நிற்கிறது. கடைசி அட்டைப்பெட்டி பேக்கிங் முடியும்வரை ஓட்டுநர் கேபினிலேயே தூங்குகிறார். இரவு கிளம்பி, தாராபுரம், திண்டுக்கல், மதுரை, எட்டயபுரம் தாண்டி விடியலில் துறைமுகச் சாலையில் வரிசையில் சேர்கிறது. கப்பலுக்குப் பெட்டியை ஒப்படைக்கும் கெடு நேரம் தவறினால் அடுத்த கப்பல் அடுத்த வாரம். அந்த ஒரு வாரத்தைச் சமாளிக்கச் சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால், ஆர்டரின் லாபம் முழுவதும் விமானக் கட்டணத்திலேயே போய்விடும். இதில் எந்தக் கட்டத்திலும் கடலின் ஆழம் குறுக்கே வரவில்லை.

இன்னொரு சிக்கல் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக்கொட்டை கனம். அது 20 அடிப் பெட்டியில் வருகிறது. பனியனும் கரூர்ப் படுக்கை விரிப்பும் எடை குறைவு, இடம் அதிகம். அவற்றுக்கு 40 அடி உயரப் பெட்டி வேண்டும். வருகிற பெட்டி போகிற சரக்குக்குப் பொருந்தாது. ஆகவே காலிப் பெட்டியை வேறு துறைமுகத்திலிருந்து கொண்டுவர வேண்டும், அந்தச் செலவு கடைசியில் ஏற்றுமதியாளர் தலையில். கொரோனா காலத்துப் பெட்டித் தட்டுப்பாட்டில் இது நன்றாகவே வலித்தது.

வேடிக்கை என்னவென்றால், திருப்பூருக்குக் கொச்சிதான் பக்கம். இருந்தும் அதன் சரக்கில் பெரும்பகுதி தூத்துக்குடியை நாடுகிறது. இங்கே சுங்க முகவர்களும் கப்பல் முகவர்களும் பெட்டக நிலையங்களும் பல்லாண்டாகத் தடம் பதித்திருக்கிறார்கள்; வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் பல ஏற்றுமதியாளர்களின் சரக்கைச் சேர்த்து ஒரே பெட்டியாக்கும் கிடங்குகள் இங்கே இருக்கின்றன. பழக்கமும் நம்பிக்கையும் சேர்ந்து தூரத்தை வென்றிருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஓர் ஊர், அருகிலிருக்கும் துறைமுகத்தை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறது என்றால், முதலில் காக்க வேண்டிய சொத்து அதுதான். அது நிரந்தரமும் இல்லை. விழிஞ்ஞத்துக்குத் தேசிய நெடுஞ்சாலை இணைப்பும் பாலராமபுரம் வரையிலான சுரங்க ரயில் பாதையும் வந்துவிட்டால், குமரி, நெல்லைச் சரக்கு ஆரல்வாய்மொழி தாண்டி மேற்கே போகத் தொடங்கும்.

சாலையின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதற்காகச் சுங்கக் கட்டணமே வசூலிக்கக் கூடாது என்று 2025 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தடை வந்ததால் குழி மூடிவிடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, தூத்துக்குடி நகரமே தனித்தீவாகித் துண்டிக்கப்பட்டது. கப்பல் நிற்கத் தளம் இருந்தது. சரக்கு வரத்தான் வழி இல்லை.

ரயில் ஒரு பதில். மதுரை - தூத்துக்குடிப் பாதை இரட்டையாகிவிட்டது. ஆனால் பாதை போட்டதும் பனியன் ரயிலேறிவிடாது. ஒரு பெட்டக ரயில் நிரம்ப 20 அடிக் கணக்கில் 90 பெட்டி வேண்டும். ஏற்றுமதியாளரிடம் இருப்பதோ இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு. அவற்றைச் சேர்த்து ஒரே ரயிலாக்க, திருப்பூருக்கும் கோவைக்கும் அருகில் சுங்கச் சோதனையோடு கூடிய உலர் துறைமுகம், அதற்குள்ளேயே காலிப் பெட்டி யார்டு, வாரத்தில் குறித்த நாள் குறித்த மணிக்குக் கிளம்பும் ரயில் ஆகிய மூன்றும் சேர்ந்தாற்போல் வேண்டும். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் ரயில் பாதி காலியாகத்தான் ஓடும். அந்த நட்டத்தைத் துறைமுகம் ஏற்கத் தயாரா என்பதே கேள்வி. 7,055 கோடியில் மிகச் சிறு துளி போதும் என்று நினைக்கிறேன். கோவைக்கு அறிவித்த பல்வகைச் சரக்குப் போக்குவரத்துப் பூங்காவை விரைவுபடுத்தினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்றாம் வழி, ஆலைகள். இதில் நிஜமும் கனவும் கலந்து கிடக்கின்றன. நிஜம், காற்றாலை இறகுகள். 80 மீட்டரைத் தாண்டிய ஒற்றை இறகை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதைத் துறைமுகச் சாலையில் பார்த்திருப்பீர்கள். ஒரு ரவுண்டானாவைச் சுற்றுவதற்குள் போக்குவரத்து நின்றுபோகும். வால்பகுதியில் ஓர் ஆள் தனியாக நடந்துகொண்டே சக்கரத்தைத் திருப்பச் சொல்லி வழிகாட்டுவார். இதைக் கையாளத் திறந்தவெளி நிலம், அகலச் சாலை, பழகிய கைகள் வேண்டும். மூன்றும் தூத்துக்குடியில் அமைந்துவிட்டதால் அந்தச் சரக்கு தானாக வருகிறது. கொழும்பு இதில் போட்டிக்கே வராது. வின்ஃபாஸ்ட் உற்பத்தி பெருகினால் கார் ஏற்றும் கப்பல்களும் வரலாம்.

பசுமை ஹைட்ரஜன் அடுத்த கட்டம். மத்திய அரசு காண்ட்லா, பாரதீப்போடு தூத்துக்குடியையும் இதற்கான துறைமுகமாகத் தேர்ந்தது சரியே. காற்றும் வெயிலும் இங்கே குறைவில்லை. தண்ணீர்தான் இடிக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தூய நீர் செலவாகும், குளிர்விப்புக்குத் தேவையானது தனி. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் கொடுத்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. எனவே கடல்நீரைத்தான் நன்னீராக்க வேண்டும். மிஞ்சும் உவர்க்கழிவு போகும் இடமும் அதே மன்னார் வளைகுடா. போதாக்குறைக்கு, ஓர் ஆலையை நம்பித் துறைமுகம் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 2018 மே 22, 23 தேதிகளில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள், ஸ்டெர்லைட் மூடப்பட்டது, துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த தாமிரத் தாது நின்றது. ஊர் மக்களைக் கேட்காமல் வைக்கும் ஆலைக்கு எந்தத் துறைமுகமும் உத்தரவாதம் தர முடியாது.

மூன்றையும் எடை போட்டால் என் வரிசை இது. பின்நிலத்துக்கே முதல் பணம்: உலர் துறைமுகம், கால அட்டவணை ரயில், வெள்ளத்தில் மூழ்காத மதுரைச் சாலை, உப்பளத்தை விழுங்காத இடத்தில் கிடங்கு நிலம். இவை ஒவ்வொன்றும் துண்டு துண்டாகச் செய்யக்கூடியவை. ஒன்று பொய்த்தாலும் மற்றது வீணாகாது. அடுத்து, ஏற்கெனவே தேடி வந்துவிட்ட ஆலைச் சரக்கு. காற்றாலை இறகுக்கும் காருக்கும் இடம் கொடுக்கலாம். ஹைட்ரஜன் முன்னோடி ஆலையின் கணக்கு தெளிவாகும்வரை பெரிய நிலத்தை அதற்கென்று பூட்டிவைக்க வேண்டியதில்லை.

வெளித்துறைமுகத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிய அலைத் தடுப்புச் சுவரைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், அதற்கு முன்பு இரண்டு நிபந்தனை போதும். தாய்க் கப்பல் ஓட்டும் நிறுவனம் ஒன்று முனையத்தில் தன் பணத்தைப் போட்டு, ஆண்டுக்குக் குறைந்தபட்சப் பெட்டி எண்ணிக்கைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றிருக்கும் முனையங்கள் தம் திறனில் முக்கால்வாசியைத் தொட்டிருக்க வேண்டும். புதிய முனையம் மட்டுமே ஆண்டுக்கு 6 லட்சம் பெட்டிக்கு இடம் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுதும்போது ஏழாவது தளத்தின் பழைய கோப்பையும் எடுத்து மேசையில் வைப்பது நல்லது. 1990-களின் இறுதியில் அங்கே வந்த முதல் தனியார் முனையம், பெட்டிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போன உரிமைத்தொகையில் சிக்கி, அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் போய் 2021-இல்தான் முடிந்தது.